முப்பத்தெட்டு நாளாய் வெயில் பார்க்காத மகளுக்கு

இலத்தூர்
மார்கழி 24, வியாழக்கிழமை

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அப்பா சங்கிலிப்பாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மூன்று வேளை சாப்பிட்டு நாலு வேளை சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே ஸ்காட்லாந்தில் நீயும் சுகம் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் வழக்கம், ஆனால் அதை எழுத எனக்குக் கை வரவில்லை தாயி. ஒன்பது நாளாக நீ ஃபோன் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நான் போட்டதெல்லாம் நீலக் கோடாக மாறியிருக்கிறது, அப்படியானால் பார்த்திருக்கிறாய், பதில்தான் இல்லை. அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு கீழே வைத்த பேனாவை இன்றைக்கு எடுத்திருக்கிறேன். ஃபோன் என்றால் கட் பண்ணிவிடுவாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, மேஜையில் போட்டாலும் அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எதிரில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிற உன் அம்மா என்னையும் சேர்த்து உரித்துவிடுவாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, குளத்துக்கரை வரை நடக்கிறாள், எதிரில் வருகிற எல்லோரிடமும் நின்று பேசுவதால் அரை மணி நேர நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சிவப்பி போன வாரம் கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெயர் நீதான் வைக்கவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள், அதுவரைக்கும் ஏட்டி என்று கூப்பிடுகிறோம், அதுவும் உன்னைப் போலவே திரும்பிப் பார்ப்பதில்லை. குற்றாலத்தில் ஐயப்ப சாமிக் கூட்டம் நெரிகிறது, பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. குளிக்க வருகிறவர்களுக்கு என்னோடு எண்ணெய் தேய்க்கிற குத்தாலிங்கம் இப்போது ஆட்களுக்குத் தேய்ப்பதைவிட ஃபோனைத் தேய்ப்பதுதான் அதிகம், வருகிறவர் தொப்பையில் தாளம் போட்டு வீடியோ எடுத்துப் போடுகிறான், அதை ஆயிரம் பேர் பார்க்கிறார்களாம், தொப்பைக்காரர் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் காலை ஆறரைக்குப் போய் நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறேன். ராத்திரி வேலை எதுவும் எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்பதை உன்னிடம் இதுவரை மறைத்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நீ கடைசியாகப் பேசினாய். அதற்கு முன்னால் ஒரு மாதமாகவே நீ பேசியது ம் என்ற ஒரே எழுத்துதான். சாப்பிட்டாயா என்றால் ம், குளிர் எப்படி என்றால் ம். நான் அன்றைக்கும் வழக்கம்போலக் கிண்டல் பண்ணினேன், வெள்ளைக்கார மாப்பிள்ளை எவனையாவது பார்த்து வைத்திருக்கிறாயா, வைத்திருந்தால் எண்ணெய் தேய்க்க அவன் தலையில் முடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்றேன். நீ சிரிக்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று நான் ஃபோனைத் தட்டிப் பார்க்கிறேன், அப்போது மெதுவாகச் சொன்னாய், "எப்பா, நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்" என்று. சொல்லிவிட்டு, வார்டில் மணி அடிக்கிறது என்று வைத்துவிட்டாய். என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டதாம் என்றேன். அந்த வார்த்தை எனக்குப் புதிது இல்லை, அது என் வாய்க்குள்ளேயே எட்டு மாதம் கிடந்த வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வீட்டில் இருக்கிற நஸீபா கூப்பிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, கடையநல்லூர்ப் பிள்ளை, நம் பக்கத்து ஊர்க்காரி, பயந்துபோய்த்தான் கூப்பிட்டிருக்கிறாள். நீ ராத்திரி எட்டுக்கு வேலைக்குப் போகிறாயாம், காலை எட்டுக்கு முடிந்து வெளியே வரும்போது அந்த ஊரில் இன்னும் விடிந்திருக்காதாம், வந்து படுத்து எழுந்தால் மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடுமாம். தூக்கத்துக்கு இடைஞ்சல் என்று ஜன்னலில் கறுப்புக் குப்பைப் பையை வெட்டி ஒட்டியிருக்கிறாயாம். லீவு நாளிலும் அதை எடுப்பதில்லை, பகல் முழுக்கப் படுக்கை, ராத்திரி முழுக்க ஃபோன், கிறிஸ்துமஸ் லீவைக்கூட யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டாய். "அங்கிள், அவ மேல வெளிச்சம் பட்டு முப்பத்திநாலு நாளாச்சு, நான் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்துநாலு, இன்றைக்கு முப்பத்தெட்டு. பாவூர்சத்திரத்தில் வாழைத்தாரைப் பழுக்க ரூமுக்குள் அடைத்து மூட்டம் போடுவார்களே, அதுகூட மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிடுவார்கள், மொழி. நீ பழுத்து என்ன ஆகப்போகிறாய்.

இதில் பாதித் தப்பு எங்களுடையது. ராத்திரி டூட்டி கிடைத்திருக்கிறது எடுக்கவா என்று நீ எங்களிடம் கேட்டாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா. எடு தாயி, உனக்கு நடுராத்திரி பன்னிரண்டரை என்றால் எங்களுக்குக் காலை ஆறு மணி, அந்த நேரம் நீ ஓய்வாக இருப்பாய், தினமும் பேசலாம் என்றேன். டீக்கடையில் உட்கார்ந்து பெருமையாகவும் சொன்னேன், என் மகள் ஸ்காட்லாந்திலிருந்து தினமும் என்னைக் கூப்பிட்டு எழுப்பிவிடுகிறாள், உங்கள் மகன் பக்கத்துத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கிறானா என்று. நாங்கள் விடிந்து எழுந்திருப்பதற்காக நீ விடியாமல் கிடந்திருக்கிறாய். எனக்கு வந்தது மறந்துபோய் என் மகளையே அதே குழியில் இறங்கச் சொன்னேன் பார், என்னை எதால் அடிக்க.

எனக்கு வந்ததைச் சொல்கிறேன். நீ அங்கே போன வருஷம்தான். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை, வாரக்கணக்கில் ஆள் இல்லை, அதனால் ஒரு லாட்ஜில் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்தேன். உன்னிடம் எண்ணெய் தேய்க்கப் போகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். காலை ஆறுக்கு வேலை முடியும், வீட்டில் சத்தமாக இருக்கும் என்று அங்கேயே கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துவிடுவேன். எழுந்தால் சாயங்காலம். வெளியே சாரல், உள்ளே நாற்பது வாட் பல்பு. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் கண் செருகும். பசிக்க வேண்டிய நேரத்தில் பசிக்காது. யாராவது சிரித்துப் பேசினால் எரிச்சல் வரும். ஒரு நாள் சாயங்காலம் லாட்ஜில் தங்கியிருந்த கஸ்டமர் ஒருவருக்குத் தேய்த்துவிட்டேன், அண்ணே உங்க கை அம்மிக்கல்லா என்று அவர் விளையாட்டுக்குக் கேட்டதற்கு எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன், நான், கேட்டியா, ஊரையே கிண்டல் பண்ணுகிற நான். குத்தாலிங்கம்தான் முதலில் கண்டுபிடித்தான். "அண்ணாச்சி, உம்ம நாக்குல துரு ஏறிட்டு, கொஞ்சம் எண்ணெய் விடட்டா" என்றான். அதற்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அம்மாவுக்கும் அவள் அண்ணனுக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், சூடு தலைக்கு ஏறிவிட்டது, ஒரு மண்டலம் எண்ணெய் வைத்து அருவியில் நிற்கவேண்டும் என்றார்கள். உனக்குத் தெரியும், மனசு சரியில்லாதவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டி வருவது நம் பக்கத்து வழக்கம். அப்படிக் கூட்டி வருகிறவர்களுக்கு இருபத்தைந்து வருஷமாக எண்ணெய் தேய்த்தவன் நான். இப்போது என்னை அப்படி ஒருத்தி கைப்பிடித்துக் கூட்டிப் போவதை என்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்தால் என்ன ஆகும். அந்த வெட்கத்தில் நான் ஒரு வழி சொன்னேன், ஆள் இல்லாத நேரமாக இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு இருட்டோடு போய் இருட்டோடு வந்துவிடுவோம் என்று. லாட்ஜில் சொல்லிவிட்டு நடுவில் வருவேன், அவள் உன் மாமா ஆட்டோவில் வந்து இறங்குவாள், குளித்துவிட்டு நான் மறுபடி காவலுக்கு, அப்புறம் அந்தக் கீழ்த்தளம். முப்பத்தோரு நாள் இப்படி நடந்தது. வைத்தியம் என்று இருட்டுக்கு மேல் இருட்டாகப் பூசிக்கொண்டேன். ஆள் மெலிந்ததுதான் மிச்சம். அம்மா தினமும் கேட்பாள், இன்னைக்கு எப்படி இருக்கு என்று. நல்லா இருக்கேன் என்பேன். அவ்வளவு சுத்தமான பொய்யை நான் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூடச் சொன்னதில்லை.

முப்பத்திரண்டாம் நாள் குளித்துவிட்டு அவளை ஆட்டோவுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் தனியாக ஓர் இடத்தில் போய் நின்றேன். எந்த இடம் என்று உனக்கு வேண்டாம். நான் இல்லாமல் போனால் யாருக்கும் ஒன்றும் குறையாது என்று ஒரு நினைப்பு. அழுகையோ கோபமோ இல்லை, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு சாதாரண நினைப்பு, அதுதான் பயங்கரம். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பினால் பத்தடி தள்ளி உன் அம்மா ஈரத் துண்டோடு நிற்கிறாள். ஆட்டோவுக்குப் போகவே இல்லை. ஏன் நிற்கிறீர்கள், என்ன செய்யப் போனீர்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. வந்து மணிக்கட்டைப் பிடித்தாள், "குளிருது, வாங்க" என்றாள். பிடித்த கையை விடவில்லை மொழி, லாட்ஜ் வாசலில் விடவில்லை, ஆட்டோவில் விடவில்லை, விடிந்து எட்டு மணிக்குத் தென்காசி பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற ஜன்னலில் பெயர் சொல்லும்போதும் விடவில்லை. சீட்டு எழுதுகிறவர், பாட்டையா என்ன திருட்டுக் கேஸா என்று கேட்டார்.

உள்ளே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். சூடா, பில்லியா, சூனியமா என்று நாங்கள் ஆரம்பித்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அண்ணாச்சி, கடைசியா உங்க மேல எப்ப வெயில் பட்டுச்சு" என்றாள். நான் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தால் தெரியவில்லையா அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். யோசித்துப் பார்க்கிறேன், ஆவணியில் பட்டதா, ஐப்பசியிலா, ஞாபகத்தில் ஒரு வெயில்கூட இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்றாள், தினம் ஒரு நேரம் என்றேன். நம் தலைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம், காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது நேரத்தைச் சரிபண்ணிக்கொள்ளுமாம். வெளிச்சமும் இல்லை, படுக்கிற நேரமும் தினம் ஒன்று என்றால் அதற்கு ராத்திரி எது பகல் எது என்றே தெரியாமல் போய்விடும், முதலில் தூக்கம் கெடும், அப்புறம் பசி, கடைசியில் மனசு போய்ப் படுத்துக்கொள்ளும், எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை, உங்களுக்கு ஆகியிருக்கிறது என்றாள். மாத்திரை எழுதினாள். ராத்திரி வேலையை விடச் சொன்னாள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, எழுந்ததும் கூரை இல்லாத இடத்தில் அரை மணி நேரமாவது நில்லுங்கள், நடங்கள் என்றாள். சாரலில் ஏது அம்மா சூரியன் என்று கேட்டேன். மேகம் மூடின வானத்திலும் உங்கள் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது, கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியாது என்றாள். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன், மருந்துக்கு வந்தால் வானத்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று. அது கிண்டல் இல்லை, நம்பிக்கை இல்லாமல் சொன்னது.

மறுநாளிலிருந்து உன் அம்மா போலீஸ் வேலை பார்த்தாள். ஐந்தரைக்கு எழுப்புவாள், குளத்துக்கரையில் நடக்க வைப்பாள், பத்து மணிக்கு ஃபோனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போடுவாள். மந்திரம் போட்ட மாதிரி மாறவில்லை, அதை நம்பாதே. முதல் வாரம் நடக்கும்போது கரையில் உட்கார்ந்துவிடுவேன். இரண்டாம் வாரம் ராத்திரியில் கொஞ்சம் தூக்கம் பிடித்தது. மாத்திரையும் வேலை செய்ததுதான், வெளிச்சம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. இருபத்தைந்தாம் நாளோ என்னவோ, அம்மா ரசம் ஊற்றினாள், ஒரு வாய் குடித்துவிட்டு, இது ரசமா இல்லை கை கழுவின தண்ணீரா என்று கேட்டேன். நானாகக் கேட்கவில்லை, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுகிறாள். நான் பதறிப்போய், நல்லாத்தான் இருக்கு என்றேன். "இல்ல, முதல்ல சொன்னதையே இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக்கூடாது, பிள்ளை தூரத்தில் இருக்கிறது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். மறைத்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. சொல்லியிருந்தால் உனக்கு இது வரும்போது இதற்குப் பெயர் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, அப்பாவே போய் வந்திருக்கிறார் என்றாவது தெரிந்திருக்கும். நீ நர்ஸ், நாலு பேருக்கு மருந்து கொடுக்கிறவள், உனக்கு நான் பாடம் எடுக்க முடியுமா. ஆனால் நான் எத்தனையோ பேர் முதுகு தேய்த்திருக்கிறேன், என் முதுகு எனக்கு எட்டினதில்லை. குத்தாலிங்கம்தான் தேய்க்கவேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு எப்படி வருகிறது என்று கேட்டால், செங்கோட்டை எபனேசர் ஏட்டையா நாளைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி உங்கள் ஊரில் இருக்கிற மகனைப் பார்க்க வருகிறார். போலீஸிலிருந்து ரிட்டயர் ஆகி எட்டு வருஷம், மீசை இன்னும் டூட்டியில்தான் இருக்கிறது. தபாலில் போட்டால் நீ பிரிக்காமல் வைத்துவிடுவாய் என்று அவரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் வருவார், உன் கையில்தான் கொடுப்பார், நீ வாசித்து முடிக்கிற வரைக்கும் போகமாட்டார், ஒரு டீ போட்டுக் கொடு, சர்க்கரை இல்லாமல். நஸீபாவையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது நீ இந்த வரியைப் படிக்கிறாய் என்றால் இரண்டு பேரும் அங்கேதான் நிற்பார்கள். அவர்கள் முன்னால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த நினைப்பு உனக்கு வருகிறதா. வருகிறது என்றால் தலையைத் தூக்கி நஸீபாவிடம் ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லு, காரணம் சொல்லவேண்டாம். அப்புறம் உன்னைத் தனியாக விடமாட்டார்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லு, ஆனால் யோசித்துச் சொல்லு, நல்லா இருக்கேன் என்ற பொய்யை முப்பத்தோரு நாள் ஒருத்தியிடம் சொன்னவன் உன் அப்பன், எனக்கு அந்தச் சத்தம் தெரியும். இல்லை என்றாலும் திங்கட்கிழமை காலை டாக்டருக்கு நீயே ஃபோன் பண்ணவேண்டும், உனக்காக இன்னொருத்தர் நேரம் வாங்க முடியாதாம், நஸீபா கேட்டுப் பார்த்துவிட்டாள். அடுத்த நாலு மாதத்துக்கும் ராத்திரி டூட்டி என்று கையெழுத்துக் கேட்கிறார்களாமே, போடாதே. பகல் வேலை கொடுங்கள், உடம்பு கேட்கவில்லை என்று சொல்லு. ராத்திரியில் யாரும் பேசமாட்டார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று நஸீபாவிடம் சொன்னாயாம். எனக்கும் அந்தக் கீழ்த்தளம் அதற்காகத்தான் பிடித்திருந்தது தாயி.

இன்னொன்று. இனி எங்களுக்குக் காலை ஆறு மணிக்கு நீ கூப்பிடவேண்டாம். ஒன்பது நாளாக ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தவன்தான் சொல்கிறேன், சும்மா பேசக் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன், அம்மா எடுக்க வந்தாலும் விடமாட்டேன். அது நீ தூங்கவேண்டிய நேரம். மனசு தாங்காத நேரம் என்றால் மட்டும் எந்தச் சாமத்திலும் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பேன்.

குற்றாலநாதரும், உனக்குப் பெயர் கொடுத்த அம்மையும் உன் கூடவே இருக்கவேண்டும், நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும், நன்றாகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, என்னைத் திருப்பிக் கிண்டல் பண்ணுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கவேண்டும். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கடிதத்தை வாங்கி வாசித்தாள், ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை இதைப் படித்து முடித்ததும் ஏட்டையாவோடும் நஸீபாவோடும் கதவைத் திறந்து தெருவுக்கு வந்து எங்களை வீடியோவில் கூப்பிடு. உனக்குப் பேச வராவிட்டால் பேசவேண்டாம், நானும் வாயை மூடிக்கொள்கிறேன், நம்ப முடியாவிட்டாலும் நம்பு. உன் தலைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் போதும், அது எந்த நிறத்தில் இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் ஃபோன் சத்தத்துக்குக் காத்திருக்கும் அப்பா
ஆ. சங்கிலிப்பாண்டி